பெயர் கூப்பிடாத நாள்

எங்கள் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று அம்மா அப்பா வைத்த பெயர். மற்றது ஒரு நாள் வேலைக்கான கணக்கு. “இன்னைக்கு பேரு விழுந்துச்சா?” என்றால் அன்றைய சம்பளம் முழுதாகப் பதிவாகிவிட்டதா என்று கேட்பதாகும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது நம் பெயர் வராவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி லயத்துக்கு வரவேண்டியதுதான். என் அம்மா அப்படித் திரும்பி வந்த நாட்களில் யாருடனும் பேசமாட்டார். அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைப்பார், குடிக்கமாட்டார்.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களுக்குப் பட்டியல் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நிவாரணப் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல். காணாமற்போனோர் பட்டியலும் உண்டு. நான் எழுத வந்தது அவற்றைவிடச் சிறிய ஒரு பட்டியலைப் பற்றி. ஒரு பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த கிரிக்கெட் அணிப் பட்டியல் அது.

என் சின்னம்மாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்விட்டது. அந்த வருடங்களில் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் அப்படித்தான் போயின. காடு வெட்டிக் கச்சான் போட்டு, கிணறு தோண்டி, ஒருவாறு நிமிர்ந்தபோது யுத்தம் அங்கேயும் வந்து சேர்ந்தது. சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, 2010இல் கைக்குழந்தையோடு ஹட்டனுக்குத் திரும்பி வந்தாள். குழந்தை பிறந்தது 2009இல், செட்டிக்குளம் முகாமில். புருஷன் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. தங்கச்சி எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் ஒண்டிக்கொண்டு, கைக்காசுக்குக் கொழுந்தெடுத்து, ஒரு தையல் மெஷின் வாங்கிப் பிள்ளையை வளர்த்தாள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் தாய்மார் வாயில் அது பிள்ளைக்காம்பராதான். தங்கச்சி மகளும் என் மடியில் வளர்ந்த பிள்ளை.

அவள் பந்து வீசுவாள். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லயத்துப் பையன்கள் வாசலில் விளையாடும்போது தேயிலைச் செடிக்குள் போன பந்தை எடுத்து எறிவதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. எறிந்து எறிந்து கை பழகிவிட்டது. பதினைந்து வயதில், பையன்களே தங்கள் அணிக்கு அவளைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். 2025இல் அவள் படிக்கும் பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு மென்பந்து அணி சேர்த்தார்கள். இவளும் போய் இரண்டு நாள் வீசிக் காட்டினாள். மூன்றாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள்.

“பெரியம்மா, எம்பேரு இல்ல” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. சப்பாத்தைக் கழற்றி, நாடாவை உருவி, தனியாகச் சுற்றி வைத்தாள். அது அவளுடைய சப்பாத்து அல்ல, இரவல்.

எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. காரணம் இருக்கிறது. எனக்கும் பதினாறு வயதில் வலைப்பந்தாட்ட அணியில் பெயர் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு ஒரு நாளும் பந்தைத் தொடவில்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் அன்றே அதை மறந்திருப்பார்கள். நான் முப்பது வருடமாக மனசுக்குள் வைத்திருக்கிறேன். என்னை நிறுத்தியது அந்தக் காகிதமா, நானேதானா என்று இப்போது யோசித்தால் பதில் எனக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

அன்று இரவு அவளிடம் சமரி அத்தபத்துவின் கதையைச் சொன்னேன். 2024 ஜூலை 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. எங்கள் லயமே எங்கள் காம்பராவுக்குள் நின்று பார்த்தது. இலங்கைப் பெண்கள் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்றார்கள். அணித்தலைவி சமரி எடுத்தது 61 ஓட்டங்கள். அந்தத் தொடர் முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரியும் அவர்தான். தங்கச்சி மட்டும் உள்ளே வரவில்லை. இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொடி, அந்தக் கூச்சல் எல்லாம் அவளுக்கு வேறு நாட்களை ஞாபகப்படுத்தும். நான் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “அந்தப் பிள்ளை வெண்டிட்டாளா?”

அந்த வெற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய வருடம் நடந்தது பலருக்குத் தெரியாது.

சமரி குருநாகல் மாவட்டத்தில் கொக்கரெல்ல என்ற ஊரைச் சேர்ந்தவர். 1990இல் பிறந்தவர். 2009 முதல் நாட்டுக்காக ஆடுகிறார். 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக பிரிஸ்டலில் ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் எடுத்தார். அணி மொத்தமே 257தான். அப்படி ஆடியும் அன்று தோல்வி. அவர் ஒருத்தியாக எவ்வளவு சுமந்திருக்கிறார் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

2023 பெப்ரவரியில் இந்தியாவில் முதன்முதலாக மகளிர் பிரீமியர் லீக்குக்கு ஏலம் நடந்தது. ஏலம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. எங்கள் கொழுந்து தூளாகிக் கொழும்புக்குப் போனால் வாராவாரம் அங்கே ஏலம் போடுவார்கள். ஆட்களையும் அப்படிக் கூவி விற்பதா என்று தோன்றும். போகட்டும், பெண்களுக்கும் நாலு காசு வருகிறதே. அந்த ஏலத்தில் சமரியின் பெயரும் வந்தது. ஐந்து அணிகள் இருந்தன. ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து நியூஸிலாந்துப் பெண்கள் காலிக்கு வந்தார்கள். சமரி முதற் போட்டியில் ஆட்டமிழக்காமல் 108, மூன்றாவதில் ஆட்டமிழக்காமல் 140. ஒருநாள் போட்டித் தொடரொன்றில் இலங்கைப் பெண்கள் நியூஸிலாந்தை வென்றது அதுவே முதற்தடவை. அடுத்து வந்த தரவரிசையில் ஒருநாள் துடுப்பாட்டத்தில் உலகில் முதலிடம் அவருக்கு. இனிமேல் யார் கேட்காமல் இருப்பார்கள் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம்.

செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மகளிர் பிக் பாஷ் லீக் வெளிநாட்டு வீராங்கனைகளைத் தெரிவு செய்தது. அங்கே ஏலம் அல்ல, ‘ட்ராஃப்ட்’ என்பார்கள். அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். எங்கள் பெரட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அணிகள் கூப்பிட்டு முடித்தன. உலகின் முதலாம் இடத்துக்காரியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அதே நாட்களில் அவர் தலைமையில் இலங்கை இங்கிலாந்துக்குப் போய், அவர்களுடைய மண்ணிலேயே இருபது ஓவர் தொடரை 2–1 என்று வென்றுகொண்டிருந்தது!

பிறகு சிட்னி தண்டர் அணியில் ஓர் இடம் வெற்றிடமானது. ஒருத்திக்குப் பதிலாகச் சமரியைக் கூப்பிட்டார்கள். பதில் ஆள். தோட்டத்தில் சொன்னால் கைக்காசுக்கு வந்தவள். போனார். 500 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தார், பந்தும் வீசினார். தொடர் முடிந்தபோது எட்டு அணிகளிலும் சிறந்த வீராங்கனை என்ற விருது அந்தப் பதில் ஆளுக்குத்தான் கிடைத்தது.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. விருது கிடைத்துச் சில நாட்களில், 2023 டிசெம்பரில், இந்தியாவில் இரண்டாவது ஏலம். மறுபடியும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் யூ.பி. வோரியர்ஸ் அணியில் இங்கிலாந்துப் பெண்ணொருத்தி விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு 30 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தார்கள். அங்கேயும் பதில் ஆள்தான். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் 302 ஓட்டங்களைத் துரத்தியபோது தனியே 195 எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று வென்று கொடுத்தார். பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அன்றுவரை எந்த நாடும் அவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் துரத்திப் பிடித்ததில்லை. தம்புள்ளை அதற்குப் பிறகுதான்.

பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்க கேப்டன், பெரியம்மா. அவங்களுக்கு இலங்கை டீம் இருந்துச்சு. எனக்கு எது இருக்கு?” என்றாள்.

சரியான கேள்வி. நான் வாயடைத்துப் போனேன். இதைத்தான் நாம் ஆறுதல் சொல்லும்போது மறந்துவிடுகிறோம். வென்றவரின் கதையை எடுத்துச் சொல்லி, நீயும் முயன்றால் முடியும் என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறோம். தட்டு வாங்கிய பிள்ளை அடுத்த நாள் எங்கே போய் முயல்வது?

அமெரிக்காவில் ஒருவரைப் பற்றி வாசித்திருக்கிறேன். கேர்ட் வோர்னர் என்று பெயர். அவர்கள் உதைபந்து என்று சொல்வது நம் பையன்கள் உதைக்கும் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது, எறிவது. அங்கேயும் வருடந்தோறும் ட்ராஃப்ட். பல்கலைக்கழகங்களில் ஆடும் பையன்களில் இருநூற்றைம்பது பேரளவில் எடுப்பார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். 1994இல் வோர்னரை எடுக்கவில்லை. ஒரு கழகம் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியது. அயோவா மாநிலத்தில் ஒரு பெரிய கடையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, தட்டுகளில் சாமான் அடுக்கினார். பிறகு மண்டபத்துக்குள் ஆடும் ஒரு சிறிய லீக்கில் சேர்ந்தார், மதிப்பில்லாத லீக். அங்கே சில வருடங்கள். ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பருவம். 1999இல் சென். லூயிஸ் அணியில் முதல் ஆட்டக்காரருக்கு முழங்கால் போனது. வேறு வழியின்றி இவரை இறக்கினார்கள். 2000 ஜனவரியில் அந்த அணி நாட்டின் பெரிய கிண்ணத்தை வென்றது, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் வோர்னர்.

இந்தக் கதையில் எல்லோரும் கடையில் சாமான் அடுக்கியதைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மதிப்பில்லாத சிறிய லீக். ஒருவரும் பார்க்காத இடத்தில் வாராவாரம் பந்து எறிந்துகொண்டிருந்தபடியால்தான், கூப்பிட்ட அன்றைக்கு அவருடைய கை தயாராக இருந்தது. சமரிக்கு இலங்கை அணி, இவருக்கு அந்த மண்டபம். பட்டியலில் பெயர் இல்லாத எத்தனையோ ஆயிரம் பேருக்கு அப்படி ஓர் இடமும் கிடைக்காமல் போயிருக்கும். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அதனால் அடுத்த வாரம் நான் செய்த காரியம் கதை சொல்வது அல்ல. தோட்டத்து இளைஞர் கழகப் பையன்களிடம் போனேன். மலைக்கு மேலே, கோயிலைத் தாண்டி, ஒரு சின்ன மைதானம் எங்களுக்கு உண்டு. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் தேயிலை. மாலையில் முழுக்க அவர்கள் ராச்சியம். “கிழமையில மூணு நாளு, நாலு மணியில இருந்து அஞ்சரை வரைக்கும் பொம்பளப் புள்ளைங்களுக்கு விடுங்க தம்பி” என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு பார்த்தால், அதில் பாதிப்பேர் என் பிள்ளைக்காம்பராவில் மூக்கைச் சிந்திக்கொண்டு வளர்ந்தவர்கள். அதைச் சொல்லிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. புல் வெட்டும் வேலையில் பெண்பிள்ளைகளும் பங்கெடுக்க வேண்டும், பள்ளத்தில் விழும் பந்துக்கு அவர்களே பொறுப்பு என்று பேசி முடித்தோம்.

முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது. மழைக்காலம் வந்ததும் மறுபடி ஐந்து. பந்து தேயிலைக்குள் போனால் எடுத்து வருபவளின் காலில் அட்டை. வெளிச்சம் போகும்வரை தாய்மார் இரண்டு பேர் நிற்கவேண்டும் என்று முறை வைத்தோம். இல்லாவிட்டால் வாய் நிறையப் பேச ஆள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும்.

தங்கச்சிக்கு இதில் சம்மதமில்லை. “அக்கா, இவள் ஓ.எல். முடிச்சிட்டுக் கொழும்புக்கு கார்மண்டுக்குப் போனால் எனக்கு மூச்சு விடலாம். பந்து சோறு போடுமா?” என்றாள். அவள் சொல்வதில் பிழையில்லை. போடும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஈவினையில், பிறந்த மண்ணில் யுத்தம் நடக்க வளர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் 348 கோல் போட்டு உலகிலேயே முதலாவதாக வந்தார். ஆனால் தர்ஜினி ஒருவர்தானே. தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான்: “சோறு போடாது. ஆனா நான் அந்த வயசுல விட்டுட்டேன். விட்டதாலயும் எனக்குச் சோறு வரல.” அவள் பதில் பேசவில்லை. மெஷினை மிதித்தாள்.

அந்தப் பாடசாலைமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இவளைவிட நன்றாக வீசும் பிள்ளைகள் பட்டியலில் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் பெயர் வரவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோட்டத்து லயத்திலிருந்து போகும் பிள்ளை கேட்கமாட்டாள். கேட்கப் பழகவில்லை. எங்களுக்கும் பழக்கவில்லை.

வலயப் போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை பொழுதுபட, தங்கச்சியின் போனுக்கு அழைப்பு வந்தது. அணியில் ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். சனிக்கிழமை இவளால் வரமுடியுமா என்று கேட்டார்கள். விளையாடக் கிடைக்குமோ தெரியாது, பன்னிரண்டாவது ஆளாக இருக்கவேண்டியும் வரலாம், கறுப்பு நீளக்காற்சட்டை கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

பிள்ளை போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். “பதிலுக்குத்தான் கூப்பிடுறாங்க, பெரியம்மா.”

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி எழுந்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவுக்குப் போய் அந்த வீட்டுப் பையனின் கறுப்புக் காற்சட்டையைக் கேட்டு வாங்கிவந்தாள். இடுப்பு பெரிது, கால் ஒரு சாண் நீளம். பிள்ளையை முக்காலிமேல் ஏற்றி, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, காலைச் சுற்றிச் சுற்றி மடித்துக் குத்தினாள்.

“ஓடும்போது தடுக்குமா?” என்று கேட்டாள்.

“தெரியல, அம்மா.”

“இறங்கி வாசல்ல ஓடிக் காட்டு. தடுக்கினா இன்னும் ரெண்டு விரல் ஏத்தித் தைக்கிறேன்.”

வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளை லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். தங்கச்சி இஸ்தோப்பில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.